பெண் கோல்கீப்பர்களை முதிரும் வயதில் இழக்காதீர்கள்: அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், இந்திய மகளிர் லீக்கில் ஆடும் கிளப்புகளின் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

2025 ஜூலை 5 அன்று சியாங் மாய் நகரில் நம் பெண்கள் அணி தாய்லாந்தை 2-1 என்ற கணக்கில் வென்று, தகுதிச் சுற்றில் ஆடி முதன்முறையாக ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது. சங்கீதா பாஸ்போர் அடித்த இரண்டு கோல்களை நாடே கொண்டாடியது. கோல் கம்பங்களுக்கு நடுவே நின்ற மணிப்பூர்ப் பெண் பந்தோய் சானுவின் பெயரைச் சொன்னவர்கள் குறைவு. அதற்கு இரண்டு வாரம் கழிவதற்குள், அதே இடத்தில் பல ஆண்டுகள் நின்ற அதிதி சௌஹான், பதினேழு ஆண்டு கால்பந்து வாழ்க்கைக்குப் பின் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 32.

அந்த முடிவு அவருடையது. அதைப் பற்றிக் கேட்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் கோல்கீப்பர்கள் முதிர்ந்து, தங்கள் தொழிலில் மிகச் சிறந்து விளங்கும் வயது அது. இந்தியாவின் மிகச் சிறந்த பெண் கோல்கீப்பர்களில் ஒருவருக்குக் கிடைத்த பதினேழு ஆண்டுகள் எப்படிப்பட்டவையாக இருந்தன, அவற்றில் அவராகத் தேடிக்கொண்டது எவ்வளவு, நாம் அமைத்துக் கொடுத்தது எவ்வளவு என்பதைத் தங்களிடம் கேட்கலாம் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் ஓர் அரசுப் பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கும் உடற்கல்வி ஆசிரியை என்ற முறையில், என் மாணவிகளில் யாராவது கையுறை அணிந்து கோலுக்குள் நிற்க விரும்பினால் அவளுக்கு முன்னால் என்ன வழி இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டிய பொறுப்பும் எனக்கு இருக்கிறது.

அதிதியின் கதையை அவருடைய சம வயதுக்காரர் ஒருவரின் கதையோடு சேர்த்துப் பார்த்தால் நிலைமை தெளிவாகப் புரியும். அதிதி பிறந்தது 1992 நவம்பரில். இங்கிலாந்தின் மேரி எர்ப்ஸ் பிறந்தது 1993 மார்ச்சில். இருவரும் கோல்கீப்பர்கள். இருவரும் படித்தது இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தில். மேரி 2025 மே மாத இறுதியில் சர்வதேச ஆட்டங்களிலிருந்து ஓய்வு பெற்றார். அதிதி ஜூலையில் கால்பந்திலிருந்தே ஓய்வு பெற்றார். தத்தம் நாட்டுக்காக இருவரும் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கைகூட ஏறத்தாழ ஒன்றுதான், ஐம்பதுக்குச் சற்று மேல். சர்வதேச ஆட்டங்களை மட்டும் எண்ணுகிறவர், இரண்டு நாடுகளும் தங்கள் கோல்கீப்பரை ஒரே மாதிரி நடத்தியிருக்கின்றன என்று நினைத்துவிடக்கூடும். வேறுபாடு முழுவதும் இடைப்பட்ட வாரங்களில், அதாவது கிளப் ஆட்டங்களில் இருக்கிறது.

மேரி எர்ப்ஸ் பிரிஸ்டல், ரெடிங், ஜெர்மனியின் வூல்ஃப்ஸ்பர்க், மான்செஸ்டர் யுனைடெட் என்று ஒவ்வொரு பருவத்திலும் ஏதாவது ஒரு கிளப்பின் பயிற்சித் திடலில் இருந்தார். அவருக்கும் எல்லாம் எளிதாக அமைந்துவிடவில்லை. இங்கிலாந்து அணியில் இடம் கிடைக்காமல், ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்த காலம் ஒன்று இருந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2021 செப்டம்பரில் புதிய பயிற்சியாளராக வந்த சரீனா வீக்மன் அவரை மீண்டும் அழைத்தபோது வயது 28. அடுத்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பை. 2022, 2023 இரண்டு ஆண்டுகளுக்கும் ஃபிஃபாவின் சிறந்த கோல்கீப்பர் விருது. 2023 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஸ்பெயினின் ஜென்னி எர்மோசோ அடித்த பெனால்டியைத் தடுத்தது. அந்த உலகக் கோப்பையின்போது அவருடைய கோல்கீப்பர் ஜெர்சியை ரசிகர்களுக்கு விற்பதற்கு நைக்கி நிறுவனம் முதலில் முன்வரவில்லை என்பதும், ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் கையொப்பமிட்டுக் கேட்ட பிறகே அது கடைக்கு வந்தது என்பதும் தங்களுக்குத் தெரிந்திருக்கும். வளர்ந்த நாட்டிலும் கோல்கீப்பரின் நினைப்பு கடைசியில்தான் வருகிறது. ஆனால் 28 வயதில் அழைப்பு வந்தபோது அதற்குத் தயாராக இருக்கும்படி அவரை வைத்திருந்தது அந்த நாட்டின் கிளப் கால்பந்துதான்.

இனி அதிதியைப் பாருங்கள். டெல்லியில் பள்ளி நாட்களில் கூடைப்பந்தும் கராத்தேயும் பழகியவர். பதினைந்து வயதில் டெல்லி இளையோர் அணித் தேர்வுக்குப் போய் கோல்கீப்பர் ஆனார். இந்தியாவுக்கு ஆடிக்கொண்டிருந்தவர், விளையாட்டு மேலாண்மை மேற்படிப்புக்காக லஃபரோ சென்றார். 2015 ஆகஸ்டில் வெஸ்ட் ஹாம் யுனைடெட் பெண்கள் அணியில் சேர்ந்து, இங்கிலாந்தின் போட்டிக் கால்பந்தில் ஆடிய முதல் இந்தியப் பெண் ஆனார். அந்த அணி அப்போது இங்கிலாந்து லீக் வரிசையில் மூன்றாம் தட்டில் இருந்தது; முழுநேரத் தொழில்முறை அணியும் அல்ல. கோவென்ட்ரிக்கு எதிரான அவருடைய முதல் ஆட்டத்தில் ஐந்து கோல் விழுந்தது. முதல் நாளிலேயே ஐந்து முறை வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துக் கொடுத்த ஒருவர், அதே கிளப்பில் 2018 வரை நிலைத்து நின்றார் என்பதை, அவர் வாங்கிய எந்தப் பட்டத்தையும்விடப் பெரிதாக நான் மதிக்கிறேன். அவர் வெளியேறிய அதே 2018இல் வெஸ்ட் ஹாம் முதல் தட்டுக்கு உயர்த்தப்பட்டு முழுநேரத் தொழில்முறை அணியானது. அவர் இந்தியாவுக்குத் திரும்பி நம் மகளிர் லீக்கில் சேர்ந்தார்.

அப்போது நம் லீக் எப்படி இருந்தது? 2018-19 பருவத்தில் பன்னிரண்டு அணிகளும் லூதியானாவில் மே மாத வெயிலில் கூடின. எங்கள் மதுரையின் சேது எஃப்.சி. கோப்பையை வென்ற அந்தப் பருவத்தில், கோப்பைக்கு அவர்கள் ஆட வேண்டியிருந்தது ஏழே ஆட்டங்கள்: பிரிவில் ஐந்து, அரையிறுதி ஒன்று, இறுதி ஒன்று. தமிழ்நாட்டுக்காரி என்ற முறையில் அந்த வெற்றியில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஏழு ஆட்டங்களை ஒரு பருவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த ஆண்டு பெங்களூரில் கோகுலம் கேரளா அணியோடு அதிதி கோப்பையை வென்றதும் அதே முறையில்தான். பிறகு பெருந்தொற்றால் ஒரு பருவம் நடக்கவே இல்லை. அந்த 2021இல் அவர் ஐஸ்லாந்து சென்று ஹமார் என்ற சிறிய கிளப்பில் ஆடினார். உலகின் மறுகோடிக்குப் போய்க் கீழ்த்தட்டு அணி ஒன்றில் ஆடினால்தான் தன் கை பழகியபடி இருக்கும் என்று நாட்டின் முன்னணிக் கோல்கீப்பர் ஒருவர் முடிவு செய்தார் என்றால், அதற்கான காரணத்தை ஐஸ்லாந்தில் தேட வேண்டியதில்லை.

2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. நவி மும்பையில் ஈரானுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் அதிதி கோல் எதையும் விடவில்லை. ஆட்டம் 0-0 என முடிந்தது. மூன்று நாட்களில் முகாமுக்குள் கோவிட் பரவி, அடுத்த ஆட்டத்துக்குத் தேவையான குறைந்தபட்சம் பதின்மூன்று பேரைக்கூடத் திரட்ட முடியாமல் அணி போட்டியிலிருந்தே விலகியதாக அறிவிக்கப்பட்டது. ஈரானுடன் ஆடிய ஆட்டமும் செல்லாததாகக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. உலகக் கோப்பைக்கான வழியும் அத்தோடு அடைபட்டது. ஒரு தொண்ணூறு நிமிடம் முழுவதும் விழித்திருந்து காத்த கோலுக்குப் பட்டியலில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

இதையெல்லாம் தங்களுக்கு விரிவாக எழுதக் காரணம், கோல்கீப்பரின் தொழில் மற்ற பத்துப் பேரின் தொழிலைப் போன்றதல்ல என்பதுதான். நடுக்கள ஆட்டக்காரருக்கு இடம் கிடைக்காவிட்டால் பக்கவாட்டில் ஆடலாம். கடைசிப் பதினைந்து நிமிடம் மாற்றாகவேனும் களமிறங்கலாம். கோலுக்குள் ஒருவருக்குத்தான் இடம். இரண்டாவது கோல்கீப்பர் ஒரு பருவம் முழுவதும் காத்திருந்து ஒரு நிமிடம்கூட ஆடாமல் வீடு திரும்பக்கூடும். மேலும், இந்த வேலைக்குத் தேவையான கணிப்பு கைகால் பயிற்சியால் மட்டும் வருவதில்லை: பக்கவாட்டிலிருந்து வரும் கிராஸுக்கு வெளியே போவதா, கோட்டிலேயே நிற்பதா, தனியாகப் பாய்ந்து வருபவளின் காலடியில் எந்த நொடியில் விழுவது, தடுப்பு வரிசையை எப்போது மேலே ஏறச் சொல்லிக் கத்துவது. இவையெல்லாம் ஆட்டம் ஆடி, கோல் வாங்கி, அடுத்த வாரம் மீண்டும் ஆடித்தான் படியும். ஏழு மீட்டர் 32 சென்டிமீட்டர் அகலமும், இரண்டு மீட்டர் 44 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட கோல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. அந்தக் கோலைக் குறைந்த உயரத்தோடு காக்கிற பெண்ணுக்கு, நிற்கும் இடத்தைக் கணிப்பதுதான் பாதி வேலை. பெண் கோல்கீப்பர்களைக் கேலி செய்யும் காணொளிகள் கைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பெண்களுக்கு எத்தனை வயதில் முதல் கோல்கீப்பர் பயிற்றுநர் கிடைத்தார் என்பதைப் பகிர்பவர்கள் கேட்பதில்லை.

ஜெர்மனியின் நாடீன் ஆங்கரர் 1996இல் தன் நாட்டுக்காக முதல் ஆட்டம் ஆடினார். அதன்பின் ஏறத்தாழப் பத்தாண்டுகள் சில்கே ரோட்டன்பெர்க்கின் பின்னால் இரண்டாவது இடத்தில் காத்திருந்தார். 2007இல் ரோட்டன்பெர்க் காயமடைந்ததால் சீனாவில் நடந்த உலகக் கோப்பையில் முதலிடம் கிடைத்தது. அந்தப் போட்டி முழுவதிலும் ஜெர்மனிக்கு எதிராக ஒரு கோல்கூட விழவில்லை. இறுதியாட்டத்தில் பிரேசிலின் மார்த்தா அடித்த பெனால்டியையும் அவர் தடுத்தார். 2013 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் நார்வேயின் இரண்டு பெனால்டிகளைத் தடுத்து, அந்த ஆண்டின் ஃபிஃபா சிறந்த ஆட்டக்காரர் விருதைத் தன் 35ஆம் வயதில் பெற்றார். ஆண்களையும் சேர்த்து, அந்த விருதைப் பெற்ற முதல் கோல்கீப்பர் அவர். பத்தாண்டுக் காத்திருப்பு வீணாகாததற்குக் காரணம், அந்தக் காலத்தில் அவர் போட்ஸ்டாம் போன்ற கிளப்புகளின் கோலில் வாரந்தோறும் நின்றதுதான். தேசிய அணியில் இரண்டாம் இடம், கிளப்பில் முதலிடம். இந்த ஏற்பாடு இல்லாத நாட்டில் இரண்டாவது கோல்கீப்பராக இருப்பதற்கும் விளிம்பில் உட்கார்ந்து ஆட்டத்தை மறப்பதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

தங்கள் தலைமையில் சில நல்ல மாற்றங்கள் நடந்திருக்கின்றன என்பதை மறைக்க மாட்டேன். 2023-24 முதல் மகளிர் லீக் சொந்தத் திடல், எதிரணித் திடல் என்ற முறைக்கு மாறியது. 2024-25இல் எட்டு அணிகள் தலா பதினான்கு ஆட்டங்கள் ஆடின. ஏழோடு ஒப்பிட்டால் இது இரட்டிப்பு. ஆனால் இங்கிலாந்தின் முதல் தட்டில் பன்னிரண்டு அணிகள் தலா 22 லீக் ஆட்டங்களும் அவற்றுக்கு மேல் கோப்பை ஆட்டங்களும் ஆடின. நம்முடைய பதினான்கும் நான்கு மாதங்களுக்குள் முடிந்துவிட்டன. மீதி எட்டு மாதங்கள் ஒரு கோல்கீப்பர் யாரிடம் பயிற்சி பெறுவார்? ஓட்டத்தையும் உடற்பயிற்சியையும் அவர் தனியாகச் செய்துகொள்ளலாம். தனக்குத்தானே கிராஸ் போட்டுக்கொள்ள முடியாது.

கிளப்புகள் குறைந்தது பத்து இந்திய ஆட்டக்காரர்களுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத ஒப்பந்தம் தர வேண்டும் என்று 2023இல் தாங்கள் முடிவெடுத்தீர்கள். தொகை சிறிதென்று பலர் சொன்னார்கள். எழுத்தில் ஓர் அடித்தளம் வந்ததே என்று நான் மகிழ்ந்தேன். ஆனால் பத்து என்று எண்ணிக்கை வைக்கும்போது அந்தப் பத்தில் இரண்டாவது கோல்கீப்பர் வர மாட்டார் என்பதை, கிளப் கணக்கைப் பார்த்த எவரும் அறிவார். பெண் ஆட்டக்காரர்களுக்குக் காவல்துறையிலும் ரயில்வேயிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைப்பது நம் நாட்டில் இருக்கும் ஒரே உறுதியான வாழ்வாதாரம். அதைக் குறைத்துப் பேசினால் சோற்றில் மண் போட்டவளாவேன். என்றாலும், வேலைக்குப் பிறகு மாலையில் ஓடிப் பயிற்சி செய்யும் பெண்ணிடம் முப்பத்தைந்து வயது வரை கோலுக்குள் நில் என்று எந்த முகத்தோடு சொல்வது?

இங்கே ஒரு வார்த்தை தலைவருக்குத் தனியாக. 2022 செப்டம்பரில் இந்தக் கூட்டமைப்பின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்யாண் சௌபே அவர்கள் கொல்கத்தாவின் பெரிய கிளப்புகளில் ஆடிய முன்னாள் கோல்கீப்பர். கால்பந்துத் திடலைப் பார்க்காதவர்கள் நிர்வாகம் செய்த நாட்டில், கையுறை போட்ட ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்தபோது, கோல்கீப்பர்களுக்கு இனி நல்ல காலம் என்று என் சக ஆசிரியர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். அந்த நம்பிக்கையை இன்னும் விடவில்லை என்பதால்தான் இந்த மடல்.

எனவே, அடுத்த பருவத்துக்கான கிளப் உரிம நிபந்தனைகளில், ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் கோல்கீப்பர் பயிற்றுநர் சான்றிதழ் பெற்ற ஒருவரை முழுப் பருவத்துக்கும் நியமிப்பது மகளிர் லீக் கிளப்புகளுக்குக் கட்டாயம் என்று சேர்க்க வேண்டுகிறேன். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பெனால்டியின்போது ஒரு காலாவது கோட்டின்மேல் இருக்க வேண்டும். 2025 முதல் பந்தைக் கையில் எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். இவற்றைச் சொல்லித்தரவே ஒருவர் வேண்டும். அந்தப் பயிற்றுநர்களாக ஓய்வு பெற்ற பெண் கோல்கீப்பர்களையே உருவாக்கினால், அவர்கள் தொழில் 32 வயதில் முடிந்துபோகாது. அதிதி பெண் பிள்ளைகளுக்காக ஏற்கெனவே ஒரு பயிற்சிக் கழகம் நடத்திவருகிறார். அவருடைய பதினேழு ஆண்டு அனுபவத்தைத் தேசிய அளவில் பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவது செலவு மிச்சமும் அல்ல. குறைந்தபட்ச ஒப்பந்தம் பெறும் பத்துப் பேரில் இருவர் கோல்கீப்பர்களாக இருக்க வேண்டும் என்ற வரியையும், அந்த இருவரின் ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்குக் குறையக்கூடாது, இடையில் காயம்பட்டால் சிகிச்சையும் சம்பளமும் தொடர வேண்டும் என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். முழங்காலின் முன்சிலுவைத் தசைநார் கிழியும் காயம் பெண் ஆட்டக்காரர்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம் நேர்கிறது. அதிலிருந்து மீள ஏறத்தாழ ஓராண்டு ஆகும். ஓராண்டு ஒப்பந்தத்தில் அந்தக் காயம் வந்தால் அந்தப் பெண்ணின் நிலை என்ன என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

தலைக் காயத்தைப் பற்றி மட்டும் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் பிறர் காலடியில் தலையைக் கொடுப்பது வேலையின் பகுதியாக இருப்பது கோல்கீப்பருக்கு மட்டும்தான். அமெரிக்காவின் பிரியானா ஸ்கரி 1999 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் சீனாவின் லியூ யிங் அடித்த பெனால்டியைத் தடுத்து நாட்டுக்குக் கோப்பை கிடைக்க வழி செய்தவர். இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 2010 ஏப்ரலில் ஒரு கிளப் ஆட்டத்தில் தாழ்வாக வந்த பந்தைப் பிடிக்கக் குனிந்தபோது எதிரணி ஆட்டக்காரரின் முழங்கால் அவர் நெற்றிப்பொட்டில் மோதியது. அதற்குப் பின் அவர் ஆடவே இல்லை. தொடர்ந்த தலைவலி, மனச்சோர்வு, காப்பீட்டு நிறுவனத்தோடு வழக்காடல், ஒலிம்பிக் பதக்கங்களை அடகு வைக்கும் அளவுக்குப் பண நெருக்கடி என்று ஆண்டுகள் ஓடின; 2013இல் நடந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகே நிம்மதி கிடைத்தது. உலகக் கோப்பை வென்றவருக்கே இந்தக் கதி என்றால், மாவட்ட மைதானத்தில் மயங்கி விழுந்து, முகத்தில் தண்ணீர் தெளிக்கப்பட்டு, மீண்டும் கோலுக்குள் அனுப்பப்படும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு யார் பொறுப்பு? தலையில் அடிபட்டவருக்காகக் கூடுதல் மாற்று ஆட்டக்காரரைக் களமிறக்கப் போட்டி நடத்துநர்கள் அனுமதிக்கலாம் என்று 2024 முதல் ஆட்ட விதிகளிலேயே இடம் இருக்கிறது. அந்த ஏற்பாடு மகளிர் லீக்கிலிருந்து மாநில இளையோர் போட்டிகள் வரை எல்லா இடத்திலும் நடைமுறைக்கு வரும்படி மாநிலச் சங்கங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். இதற்குப் பணம்கூட அதிகம் தேவைப்படாது.

மாநில அளவைச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். 2018இல் கட்டாக்கிலும் 2023இல் அமிர்தசரஸிலும் தேசியச் சாம்பியன் பட்டத்தை வென்ற மாநிலம் எங்களுடையது. இங்கேயே குறுவட்டப் போட்டிக்கு அணி சேர்க்கும்போது, உயரமான பிள்ளை அல்லது மெதுவாக ஓடும் பிள்ளை கோலுக்குப் போகிறாள். பெண் பிள்ளைகளின் கைக்குப் பொருந்தும் கையுறை பல ஊர்களில் கடையில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் எங்கள் கட்டாந்தரையில் சில மாதங்களில் அதன் உள்ளங்கை உரிந்துவிடுகிறது. அந்தத் தரையில் பக்கவாட்டில் பாய்ந்து விழச் சொல்ல எனக்கே மனம் வருவதில்லை. மாவட்டத்துக்கு ஒன்றாகவாவது கோல்கீப்பர்களுக்கான புல்தரைப் பயிற்சி முகாமை ஆண்டுதோறும் நடத்த மாநிலச் சங்கங்களுக்குத் தாங்கள் தரும் நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கினால், பதினைந்து வயதில் தற்செயலாகக் கோல்கீப்பர் ஆகும் பிள்ளைகள், பன்னிரண்டு வயதில் விரும்பி ஆகும் பிள்ளைகளாக மாறுவார்கள்.

மகளிர் லீக் கிளப்புகளில் இன்று எத்தனை பேர் சான்றிதழ் பெற்ற கோல்கீப்பர் பயிற்றுநர்களாக முழுப் பருவமும் பணியாற்றுகிறார்கள், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்ற விவரத்தைக் கூட்டமைப்பு வெளியிட வேண்டும் என்பது என் உடனடி வேண்டுகோள். அடுத்த பருவத்துக்கான உரிம நிபந்தனைகள் வெளிவரும்போது மேலே கேட்ட வரிகள் அவற்றில் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். இல்லாவிட்டால், காரணம் கேட்டு மீண்டும் எழுதுவேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஓர் உடற்கல்வி ஆசிரியை